அயல்நாட்டில் ஒரு நீர்விழா

நுழையும்முன்

பணியின் பொருட்டு அயல்நாடு செல்வோர் அந்நாட்டின் மொழியையும் உணவையும் சில மாதங்களில் பழகிக்கொள்கின்றனர். ஆனால், அந்நாட்டு மக்களின் திருநாள் அத்தனை எளிதில் பழகுவதில்லை. ஊரே கொண்டாடும் நாளில் தனித்திருப்பவர் அதனை எவ்வாறு கழிப்பார்? இமயமலைச் சாரலில் உள்ள பூட்டான் நாட்டில் ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவர், தம் இளமைக்காலத்து விடுமுறை நாள் ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரை இது.

மலைநாட்டுக்குச் சென்ற ஆசிரியர்

பூட்டான் நாட்டில் நெடுங்காலம் பௌத்த மடங்களே கல்விச்சாலைகளாக விளங்கின. 1961ஆம் ஆண்டு அந்நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய பின்னரே இக்காலக் கல்வி அங்குப் பரவலாயிற்று. ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. பள்ளிகள் பெருகின, கற்பிக்க ஆள் போதவில்லை. அக்குறையைப் போக்க இந்தியாவிலிருந்து ஆசிரியர் பலர் சென்றனர். அவர்களுள் தென்னிந்தியரும் பலர்.

1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் அவர்களுள் ஒருவனாகச் சென்றேன். மயிலாடுதுறைக்கு அருகே காவிரிக்கரைச் சிற்றூரில் பிறந்தவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. தொடர்வண்டியில் வங்காளம் சென்று, எல்லை நகரமான புன்சோலிங்கில் பேருந்து ஏறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து தலைநகர் திம்புவை அடைந்தேன். அங்கிருந்து 3,100 மீட்டர் உயரமுள்ள தோச்சுலா கணவாயைக் கடந்து, மறுபுறம் இறங்கினால் புனாக்கா பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள அப்பள்ளத்தாக்கில் போ சூ, மோ சூ என்னும் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. 'சூ' என்னும் சொல் அம்மக்களின் மொழியில் ஆற்றையும் குறிக்கும், நீரையும் குறிக்கும். ஆறுகள் கூடும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெருங்கோட்டை நிற்கிறது. இரு கரைகளிலும் நெல்வயல்கள். அறியா ஊரில் நான் முதலில் அடையாளம் கண்டுகொண்டது அந்த நெல்லைத்தான்.

அங்கு அப்போது தொலைக்காட்சி இல்லை. அது 1999ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுக்கு வந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்துசேர வாரங்கள் ஆகும். ஆயினும், வேலைநாள்களில் தனிமை தெரியவில்லை. பிள்ளைகளின் குரலும் கரும்பலகையும் பொழுதை நிரப்பின. விடுமுறை நாள்தான் என்னை வாட்டியது. பள்ளிமணி ஒலிக்காத நாளில் ஊரார் அனைவரும் தத்தம் வீட்டுக்குத் திரும்பினர். திரும்புவதற்கு வீடில்லாத நான் மட்டும் அறையில் அமர்ந்திருந்தேன். சித்திரை முதல்நாளும் ஆடிப்பெருக்கும் எனக்கு வேலைநாள்களாகவே கழிந்தன. அவர்களுடைய திருநாளோ எனக்கு வெறும் ஓய்வுநாளாக இருந்தது.

வகுப்பறையில் விழுந்த சொல்

செப்டம்பர் மாதம் வந்தது. மழை ஓயத் தொடங்கியிருந்தது. அம்மாதத்தின் பிற்பகுதியில் 'துரூபாப்' என்னும் பொதுவிடுமுறை வரும். 'நீராட்டு இறங்கும் நாள்' என அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். மழைக்காலம் நிறைவுறும் அந்நாளில் வானிலிருந்து அருள் இறங்கி, ஆறு, ஓடை, ஊற்று என எல்லா நீரும் புனிதமாகும் என்பது பூட்டான் மக்களின் நம்பிக்கை. நீராடுவதற்கு உகந்த நேரத்தைச் சோதிடம் அறிந்தோர் கணித்துச் சொல்வர். அந்நேரத்தில் நீராடினால் தீவினைகளும் தடைகளும் நீங்கும் என்பர்.

விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னர், எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தம் திருநாளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னேன். கடைசி வரிசையில் அமரும் ஒரு சிறுவன் இவ்வாறு எழுதியிருந்தான்: "துரூபாப் அன்று நீர் மருந்தாகிறது. இது எனக்கு நன்றாகத் தெரியும்."

நான் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அதனோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "நேற்றுக் கலங்கலாக ஓடிய நீர் ஒரே இரவில் மருந்தாகிவிடுமா? எட்டாம் வகுப்புப் படிக்கும் நீ இதை நம்பலாமா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தனர். அவன் எழுந்து நின்றான், விடை சொல்லவில்லை. தலை குனிந்து நின்றவன், நான் அமரச் சொன்ன பின்னரும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தான்.

எதையும் ஆராய்ந்து கேட்கப் பழக்குவது ஆசிரியரின் கடமை. ஆனால், நான் அன்று அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் சொன்னதற்குக் காரணம் என்னவென்று அறிய எனக்கு விருப்பமும் இல்லை. கேள்வியின் வடிவில் ஒரு தீர்ப்பைத்தான் கூறினேன்.

விடியலுக்கு முன் தட்டிய கை

விடுமுறை நாள் வந்தது. விடைத்தாள்களைத் திருத்தியே அன்றைய பொழுதைக் கழிப்பது என் திட்டம். விடியலுக்கு முன் யாரோ கதவைத் தட்டினர். திறந்தேன். மூடுபனிக்கு நடுவே கையில் விளக்குடன் அச்சிறுவன் நின்றான். 'கோ' என்னும் முழங்காலளவு நீண்ட மேலாடையைத் தூய்மையாக உடுத்தியிருந்தான்.

"லோபென் லா, உங்களை அழைத்துவரும்படி அகே சொன்னார். இன்று நீங்கள் தனியாக இருக்கக் கூடாதாம்" என்றான். 'லோபென்' என்றால் ஆசிரியர். 'லா' என்பது மரியாதை குறிக்கும் ஒட்டுச்சொல். 'அகே' என்றால் தாத்தா.

வகுப்பில் நடந்ததைத் தாத்தாவிடம் சொன்னானா என்று கேட்க நா எழவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். வயல் வரப்புகளில் பனி படிந்திருந்தது. கதிர் முற்றத் தொடங்கிய நெல்லின் மணம் எங்கள் ஊர் வயலை நினைவூட்டியது.

அவர்கள் வீட்டின் பின்புறம் பெருந்தீ எரிந்துகொண்டிருந்தது. அதில் ஆற்றுக் கற்களைப் பழுக்கக் காய்ச்சினர். அருகில் மரப்பலகைகளால் செய்த நீர்த்தொட்டி. அதன் ஒரு முனையைத் துளையிட்ட பலகை ஒன்று தடுத்திருந்தது. காய்ந்த கற்களை நீண்ட இடுக்கியால் எடுத்து, அத்தடுப்புக்குள் இட்டனர். நீர் சீறிக் கொதித்தது. வெம்மை துளைகளின் வழியே தொட்டி முழுதும் பரவியது. நீரில் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மணமுள்ள தழையைத் தூவியிருந்தனர். இக்கல்நீர்க் குளியல் மூட்டுவலிக்கு நல்லது எனப் பூட்டான் மக்கள் போற்றுகின்றனர்.

முதியவர் ஒரு குவளை நீரை முகந்து, முதலில் என் தலையில் ஊற்றினார். எட்டு மாதங்களாக என் தலையில் யாரும் நீர் ஊற்றியதில்லை. தீபாவளியன்று விடியலில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்க்கும் என் தாயின் கை நினைவுக்கு வந்தது. கண் கலங்கியதை நீராவி மறைத்துக்கொண்டது.

நீராடியபின் அனைவரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்தோம். செவ்வரிசிக் கஞ்சி பரிமாறினர். பச்சை மிளகாயையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் சமைத்த 'எமா தாட்ஷி' உடன் வந்தது. அங்கு மிளகாய் வெறும் காரச்சுவைப் பொருளன்று; அதுவே காய்கறி.

ஆறு எடுத்ததும் கொடுத்ததும்

உணவுக்குப்பின் முதியவர் என்னைப் போ சூ ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். அவர் தம் மொழியில் பேசினார். சிறுவன் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தான். கரையோரம் ஒரு வயல். அதன் ஒரு பாதியில் நெல் விளைந்திருந்தது. மறுபாதியில் மணலும் உருண்டைக் கற்களும் கிடந்தன.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நிகழ்ந்ததை அவர் கூறினார். வடக்கே லுனானா பகுதியில், பனி உருகிய நீர் தேங்கிய 'லுக்யே சோ' என்னும் ஏரி உள்ளது. பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணுமே அவ்வேரிக்குக் கரை. அந்தக் கரை உடைந்தது. வெள்ளம் மலைகளுக்கிடையே பாய்ந்து, போ சூ ஆற்றின் வழியே புனாக்காவை அடைந்தது. இருபத்தொரு பேர் உயிரிழந்தனர். பழம்பெருமை வாய்ந்த கோட்டையும் சேதமுற்றது. முதியவரின் குடும்பத்தார் மேட்டில் ஏறி உயிர் பிழைத்தனர். ஆனால், அறுவடைக்குக் காத்திருந்த வயலும் ஆடுமாடுகளும் அவர்கள் கண்ணெதிரே போயின.

"இவனுக்கு அப்போது ஒன்பது வயது" என்று முதியவர் சிறுவனைக் காட்டினார். "அதன்பின் ஓராண்டு இவன் ஆற்றுப்பக்கமே வரவில்லை. மழை பெய்தால் இரவு முழுதும் விழித்திருப்பான். குளிக்க வைப்பதே பெரும்பாடு. அடுத்த ஆண்டு துரூபாப் அன்று இவனை மடியில் அமர்த்தி, ஒவ்வொரு குவளையாக ஊற்றினேன். இன்று இறங்கும் நீர் யாருக்கும் தீங்கு செய்யாது என்றேன். அன்றிரவு இவன் உறங்கினான்."

தன்னைப் பற்றிய இச்சொற்களையும் அச்சிறுவனே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்க இயலாது நின்றேன். 'துரூபாப் அன்று நீர் மருந்தாகிறது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.' நான் சிவப்பு மையால் அடித்த வரியின் பொருளை அப்போதுதான் உணர்ந்தேன்.

"ஆற்றின்மேல் உங்களுக்குச் சினம் இல்லையா?" என்று முதியவரைக் கேட்டேன்.

அவர் சற்று நேரம் நீரைப் பார்த்தார். "இருந்தது. இப்போதும் சில நாள் வரும். வயலை எடுத்துக்கொண்டது இந்த ஆறுதான். நான்கு ஆண்டுகளாக மணலை அள்ளி அள்ளி மீட்ட பாதி வயலுக்கு நீர் தருவதும் இதே ஆறுதான். ஆண்டில் ஒரு நாளேனும் சினமின்றி இதன்முன் வந்து நிற்க வேண்டாமா?" என்றார்.

தாமதமாக வந்தவனின் முழுக்கு

"உங்கள் ஊரில் இப்படி ஒரு நாள் உண்டா?" என்று முதியவர் கேட்டார்.

ஆடிப்பெருக்கில் காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் காப்பரிசியும் படைப்பதைச் சொன்னேன். ஐப்பசி மாதத்தில் கங்கை முதலிய ஆறுகளெல்லாம் காவிரியில் வந்து கலக்கின்றன என்னும் நம்பிக்கையால், மயிலாடுதுறையில் மக்கள் திரண்டு நீராடுவதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பேச்சு தடுமாறியது. ஒரு மாதம் முழுவதும் ஒரே ஆறு எல்லா ஆறுகளுமாகிறது என்று நம்பும் ஊரில் பிறந்தவன் நான். என் பாட்டியிடம் ஒருநாளும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அயலான் வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் கேட்டேன்.

பின்னர், முடவன் முழுக்கின் கதையைக் கூறினேன். ஐப்பசி நீராடலுக்காக நெடுந்தொலைவிலிருந்து புறப்பட்ட கால் ஊனமுற்ற ஒருவர், விரைந்து நடக்க இயலாமல், கடைசி நாள் கடந்தபின் வந்துசேர்ந்தார். அவருக்காக இறைவன் கார்த்திகை முதல்நாளன்றும் அதே பயனை அருளினார் என்பது எங்கள் ஊர் வழக்கு. இன்றும் அந்நாளில் அங்கு நீராடுகின்றனர்.

சிறுவன் அதனைத் தாத்தாவுக்குச் சொன்னான். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். "வந்துசேராத ஒருவருக்காக உங்கள் ஊர் ஆறு ஒரு நாள் காத்திருந்ததா? நல்ல ஆறு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. தாமதமாக வந்துசேர்ந்தவன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. எட்டு மாதங்களாக அந்த ஊரில் இருந்தேன். அன்றுதான் அந்த ஊருக்கு வந்துசேர்ந்தேன்.

அடித்த வரியின் அருகே

மறுநாள் வகுப்பில் அச்சிறுவனின் ஏட்டைக் கேட்டு வாங்கினேன். அடித்த வரியின் ஓரத்தில், "இவ்வரி சரியானது; திருத்தியவரே தவறாகப் படித்தார்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பின்னர், எந்த வகுப்பின் முன்னே அவனைக் கேட்டேனோ அதே வகுப்பின் முன்னே அதனைப் படித்துக் காட்டினேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, "லோபென் லா, உங்கள் ஆற்றின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள்" என்றான். 'காவிரி' என்று தமிழில் எழுதினேன். முப்பது பிள்ளைகள் அதனைத் தம் ஏடுகளில் வரைந்துகொண்டனர்.

பின்னாளில் தாயகம் திரும்பி, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல்லாண்டுகள் பணியாற்றினேன். பொங்கல் விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோருடன் வந்து நம் ஊரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பார்ப்பேன். நாம் பொங்கலிடும் காலையில் அவர்களின் வீட்டுக் கதவு மூடியே இருக்கும். மாணவர்களே, அக்கதவின் உட்புறம் எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன். அதனைத் தட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கிண்ணம் பொங்கலும், பனிக்காலை நடையும் போதும்.

தெரிந்து தெளிவோம்

வானில் ஒளிமிக்க விண்மீன்களுள் இரண்டாமிடம் பெறுவது கனோபஸ். இதனை நம் முன்னோர் அகத்தியர் பெயரால் வழங்கினர். மழைக்காலத்தின் இறுதியில் இவ்விண்மீன் விடியற்காலையில் தென்வானில் தோன்றும்போது கலங்கிய நீர் தெளியும் என்பது இந்திய மரபு. காளிதாசர் தம் இரகுவம்சத்திலும் இக்கருத்தைக் கூறியுள்ளார். மழை குறைந்தால் ஆற்றில் வண்டல் படிந்து நீர் தெளிவடைவது இயற்கை.

இலக்கணக் குறிப்பு

மூடுபனி – வினைத்தொகை
செவ்வரிசி – பண்புத்தொகை
ஆடுமாடு – உம்மைத்தொகை
அறியா ஊர் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

உணர்ந்தேன் = உணர் + த்(ந்) + த் + ஏன்
உணர் – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
ஏன் – தன்மை ஒருமை வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர்நிலையோடு தொடர்புடைய விழா ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. வெளிமாநிலத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் வாழும் ஒருவரிடம் அவர்தம் திருநாளைப் பற்றி உரையாடி, அதனை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. 'இவ்வரி சரியானது, திருத்தியவரே தவறாகப் படித்தார்' – இதனை எழுதியவர்
அ) முதியவர் ஆ) மாணவன் இ) கட்டுரையாசிரியர் ஈ) வகுப்பு மாணவர்கள்

குறுவினா
1. துரூபாப் நாளைப் பற்றிய பூட்டான் மக்களின் நம்பிக்கை யாது?
2. முடவன் முழுக்கு – குறிப்பு எழுதுக.

சிறுவினா
1. விடுமுறை நாள் கட்டுரையாசிரியரை வாட்டியதற்குரிய காரணங்களை விளக்குக.
2. 'கேள்வியின் வடிவில் ஒரு தீர்ப்பைத்தான் கூறினேன்' – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. 'நீர் மருந்தாகிறது' என்னும் வரி, கட்டுரையின் தொடக்கத்திலும் முடிவிலும் பெறும் பொருள் வேறுபாட்டைச் சான்றுகளுடன் விவரிக்க.